சிஸ்டம் என்றால் யார்?

‘சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது சார்!’

போன மாசம் மட்டும் இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? பேங்க், இன்ஷூரன்ஸ் ஆபீஸ், கேஸ் ஏஜென்சி, ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்ட்டர்... எங்கே போனாலும் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவர் ஸ்கிரீனைப் பார்த்தபடியே இதைச் சொல்கிறார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. ‘வெளியில மழை பெய்யுது’ என்று சொல்கிற மாதிரி சொல்கிறார். மழையோடு யார் சண்டை போடுவது? நாமும் குடையை விரித்துக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறோம்.

ஆனால், மழையை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. சிஸ்டத்தை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். ‘இந்தக் கட்டத்தில் பத்து எண் இருந்தால் உள்ளே விடு, ஒன்பது இருந்தால் விடாதே’ என்று ஒரு மனிதர் முடிவு செய்திருக்கிறார். அவர் யார்? நமக்கு வரும் நஷ்டத்தில் அவருக்குப் பங்கு உண்டா, இல்லையா?

சிரிக்காதீர்கள். அந்த ‘யாரோ’ ஆவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. பெயர், மாஸ்டர் ஆஃப் பிசினஸ் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்.

என் அக்கா மகள் படித்தது அதைத்தான். திருச்சியில் பி.காம். முடித்து, ஒரு ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வருஷம் வவுச்சர்களோடு குடும்பம் நடத்திவிட்டு மெல்போர்ன் போனவள். இரண்டு வருஷப் படிப்பு. கல்விக் கடன் 35 லட்சம். அக்கா வீட்டுப் பத்திரம் பேங்க்கில் இருக்கிறது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. நீதி, நியாயம் எல்லாம் பேசும்போது, பேசுகிறவருக்குக் கடன் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என்ன படிப்பு இது? வியாபாரம் தெரிந்தவருக்கு கம்ப்யூட்டர் தெரியாது. கம்ப்யூட்டர் தெரிந்தவருக்கு வியாபாரம் புரியாது. நடுவில் நின்று இரண்டு பேருக்கும் மொழிபெயர்ப்பு செய்ய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தயார் பண்ணுகிறார்கள். டேட்டாபேஸ் உண்டு, பிராஜெக்ட் மேனேஜ்மென்ட் உண்டு, ஒரு கம்பெனியில் ஆர்டர் வந்ததில் இருந்து பணம் வரும் வரை எந்த வேலை எந்த மேஜைக்குப் போகிறது என்று வரைந்து பார்க்கிற பாடம் உண்டு. புரோகிராம் எழுதுவது கம்மி. கேள்வி கேட்பது ஜாஸ்தி.

‘‘மாமா, முதல் செமஸ்டர் பூரா படம்தான் வரையறோம். அதுவும் எல்.கே.ஜி. பசங்க வரையற குச்சி மனுஷன்!’’ என்று போனில் சிரித்தாள்.

உண்மைதான். ஒரு சாஃப்ட்வேரை யார் யார் எதற்கெல்லாம் பயன்படுத்துவார்கள் என்று காட்ட ஒரு வரைபடம் இருக்கிறது. இவார் ஜேக்கப்சன் என்ற ஸ்வீடன்காரர் கொண்டுவந்த முறை. அதில் மனிதர்களைக் குச்சிப் பொம்மையாகத்தான் போடுவார்கள். வட்டமாகத் தலை, நெட்டுக்கோடாக உடம்பு, இரண்டு கை, இரண்டு கால். கண், மூக்கு, வாய் கிடையாது. வாடிக்கையாளரும் அதே பொம்மை, கிளார்க்கும் அதே பொம்மை, மேனேஜரும் அதே பொம்மை. கீழே பெயர் மட்டும் மாறும்.

இதில் தப்பில்லை. லட்சம் வாடிக்கையாளர்களுக்கு லட்சம் முகம் வரைந்துகொண்டிருந்தால் வேலை நடக்காது. ஆனால், வரைகிறவர் ஒன்றை ஞாபகத்தில் வைக்க வேண்டும். முகத்தை நாம்தான் விட்டுவிட்டோம். அந்த மனிதருக்கு முகம் இருக்கிறது.

அடுத்து, டேட்டாபேஸ் வகுப்பு. அங்கே ‘நல்’ என்று ஒரு சமாசாரம் சொல்லிக்கொடுத்தார்களாம். நல்லதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை! ஒரு கட்டத்தில் சைபர் இருந்தால், ‘இவரிடம் ஒன்றும் இல்லை’ என்று அர்த்தம். அதே கட்டம் ‘நல்’ என்று இருந்தால், ‘இருக்கா, இல்லையா எனக்குத் தெரியாது’ என்று அர்த்தம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கணக்குப் போட்டால் விடை நாசம்.

நம் வாழ்க்கைக்கும் இது பொருந்துகிறது, பாருங்கள். ஒருவர் போனை எடுக்கவில்லை. ‘எடுக்கவில்லை’ என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். ‘என்னை மதிக்கவில்லை’ என்பது நாமாக எழுதிக்கொண்டது. ‘தெரியாது’ என்பதைத் ‘தெரியாது’ என்றே விட்டுவைக்க மனிதனுக்கும் கஷ்டம், மெஷினுக்கும் கஷ்டம்.

மூன்றாவது செமஸ்டரில் வந்ததுதான் அந்த வகுப்பு. அன்றைக்கு இந்தியாவில் இருந்து, சீனாவில் இருந்து, வியட்நாமில் இருந்து வந்த பிள்ளைகளோடு உள்ளூர் மாணவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பாடம், ‘ரோபோடெட்’. ஆஸ்திரேலியாவின் நிஜக் கதை.

அங்கே வேலை இல்லாதவர்களுக்கும் மாணவர்களுக்கும் அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. கணக்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அந்த இரண்டு வாரத்தில் உங்கள் சம்பாத்தியம் எவ்வளவு என்று சொன்னால், அதற்கேற்ப தொகை கூடும், குறையும். பொய் சொல்லிக் கூடுதலாக வாங்குகிறவர்களைப் பிடிக்க வேண்டாமா? பிடிக்க வேண்டும்தான். அதற்காக 2015ல் ஒரு திட்டம் ஆரம்பித்து, 2016ல் முழு வீச்சில் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார்கள். வருமான வரித் துறையிடம் ஒவ்வொருவரின் வருஷ வருமானமும் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு 26 இரண்டு வாரங்கள். ஆக, வருஷ வருமானத்தை 26ஆல் வகுத்துப் பார். அந்த மனிதர் சொன்னதோடு பொருந்தவில்லையா? ‘கடன்காரன்’ என்று கடிதம் அனுப்பு!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு பையனுக்கு ஜூலையில் இருந்து ஆறு மாசம் வேலை இல்லை. உதவித்தொகை வாங்குகிறான். அப்புறம் வேலை கிடைக்கிறது. ‘இனி வேண்டாம்’ என்று யோக்கியமாக எழுதிக் கொடுத்துவிடுகிறான். அடுத்த ஆறு மாசத்தில் இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர் வீதம் 26,000 டாலர் சம்பாதிக்கிறான். கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? 26,000ஐ 26ஆல் வகுக்கிறது. 1,000 டாலர். ‘வேலை இல்லை என்று உதவித்தொகை வாங்கிய காலத்திலும் இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்திருக்கிறாய். வாங்கியதைத் திருப்பிக் கட்டு!’

வகுத்தல் சரிதான். விடைதான் அபாண்டம்! எந்த வருமானம் எந்தக் காலத்துக்கு உரியது என்பது பி.காம். முதல் வருஷப் பாடம்.

அக்கா மகளுக்கு இது சட்டென்று உறைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அங்கே வெளிநாட்டு மாணவர்கள், வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. 2023 ஜூலையில் இருந்து இதுதான் விதி. லீவு காலத்தில் இந்த வரம்பு இல்லை. இவள் ஒரு ரெஸ்டாரன்ட் கிச்சனில் பார்ட் டைம். லீவு என்றால் இரண்டு வாரத்தில் 80 மணி நேரம். பரீட்சை வந்தால் சைபர்.

‘‘மாமா, இந்தச் சராசரியை என் ரோஸ்டர்ல போட்டா, நான் பரீட்சை ஹால்லயும் வெங்காயம் உரிச்சுட்டு இருந்தேன்னுதான் வரும்!’’

கடிதம் வந்தவர்கள் பழைய சம்பளச் சீட்டைக் காட்டித் தங்கள் யோக்கியதையை நிரூபிக்க வேண்டும். நாலைந்து வருஷத்துக்கு முந்தைய சீட்டுக்கு எங்கே போவது? வேலை பார்த்த கடையையே மூடியிருப்பார்கள். வீடு மாறியவருக்குக் கடிதமே போய்ச் சேர்ந்திருக்காது. பதில் வரவில்லையா? சராசரிதான் உண்மை என்று எடுத்துக்கொண்டது சிஸ்டம். ‘தெரியாது’ என்று இருக்க வேண்டிய கட்டத்தில், ‘கடன்காரன்’ என்று விழுந்தது.

2019 நவம்பரில் ஒரு பெண்ணின் வழக்கில், இந்த முறையில் போட்ட கடன் செல்லாது என்று ஃபெடரல் கோர்ட் சொன்னது. 2020 மே மாதம், 4,70,000 கடன்களுக்கான 72 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. பிறகு, நீதிபதி கேத்தரின் ஹோம்ஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்து, 2023 ஜூலையில் அறிக்கை தந்தது. மகன்களைத் தற்கொலையில் பறிகொடுத்த இரண்டு தாய்மார்கள் அந்த ஆணையத்தின் முன்னால் சாட்சி சொன்னார்கள். இன்னொன்றும் வெளியே வந்தது. திட்டம் ஆரம்பிக்கும் முன்பே, 2014லேயே, சமூக சேவைத் துறையின் சட்டப் பிரிவு, ‘இது சட்டத்துக்கு ஒத்துவராது’ என்று கருத்துச் சொல்லியிருந்தது.

வகுப்பில் லெக்சரர் ஆளுக்கொரு வேஷம் கொடுத்தாராம். நீ மந்திரி, நீ செயலாளர், நீ சிஸ்டம் அனலிஸ்ட், நீ புரோகிராமர், நீ கவுன்ட்டர் கிளார்க், நீ கடிதம் வாங்கியவர். ‘யார் பொறுப்பு? பேசுங்கள்.’

மந்திரி: ‘‘சட்டப்படி சரியா என்று பார்க்க வேண்டியது அதிகாரிகள்.’’ செயலாளர்: ‘‘மந்திரியின் கொள்கையைச் செயல்படுத்தினேன்.’’ அனலிஸ்ட்: ‘‘கேட்டதை வரைந்து கொடுத்தேன்.’’ புரோகிராமர்: ‘‘வரைந்து கொடுத்ததை எழுதினேன்.’’ கிளார்க்: ‘‘ஸ்கிரீனில் வந்ததைச் சொன்னேன்.’’

ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். கடைசியில், கடிதம் வாங்கியவராக நடித்த வியட்நாம் பையன் கேட்டானாம்: ‘‘அப்ப நான் யார்கிட்ட போகணும்?’’

வகுப்பே கப்சிப்!

டென்னிஸ் தாம்ப்ஸன் என்ற அமெரிக்க அறிஞர் 1980ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். ‘பல கைகளின் பிரச்னை.’ ஒரு காரியத்தில் நூறு பேர் கை வைத்தால், பொறுப்பை நூறாக வகுத்துக்கொள்கிறோம். ஆளுக்கு ஒரு சதவிகிதம். ஒரு சதவிகிதத்துக்கு யாருக்காவது தூக்கம் கெடுமா? ஆனால், அடி வாங்குகிறவருக்கு அந்த வகுத்தல் கிடையாது. அவருக்கு நூறு சதவிகிதமும் வலிக்கிறது.

இதைக் கேட்டதும் எனக்குச் சிலப்பதிகாரம்தான் ஞாபகம் வந்தது. பொற்கொல்லன் வந்து ‘திருடன் அகப்பட்டான்’ என்கிறான். சிலம்பு என்ற ஒரு கட்டம் பொருந்துகிறது. பாண்டியன் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். தப்பு நடந்துவிட்டது. ஆனால், உண்மை தெரிந்த பிறகு அந்த மன்னன் என்ன செய்தான்? ‘பொற்கொல்லன் அப்படித்தான் ரிப்போர்ட் கொடுத்தான்’ என்று சொல்லவில்லை. ‘காவலன் அவசரப்பட்டு வெட்டிவிட்டான்’ என்றும் சொல்லவில்லை. கள்வன் பட்டத்தைத் தானே எடுத்துக்கொண்டான். பொறுப்பை வகுக்க மறுத்ததால்தான், தப்புத் தீர்ப்புச் சொன்ன அவனை இன்றைக்கும் மரியாதையோடு பேசுகிறோம்.

இங்கே ஒரு விஷயம். ‘சிஸ்டமே வேண்டாம், பழையபடி மனுஷனே முடிவு பண்ணட்டும்’ என்று நான் சொல்ல வரவில்லை. மனுஷன் முடிவு பண்ணிய லட்சணத்தைப் பார்த்தவர்கள்தானே நாம்! 1980களில் ரயில்வே ரிசர்வேஷன் கம்ப்யூட்டருக்கு மாறியபோது, ஆளுக்கு ஏற்ற மாதிரி பேசாத ஒரு கவுன்ட்டர் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டோம். விதி எல்லாருக்கும் ஒன்றாக இருப்பது நல்லது. ஆனால், விதிக்குள் அடங்காத மனிதர் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்பதையும் யாராவது முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். காலம் பூராவும் பாத்திரம் தேய்த்து ரேகை அழிந்துபோன பாட்டி ரேஷன் கடைக்கு வருவார் என்று ஒருவர் யோசித்திருந்தால்தான், கைரேகை விழாதபோது அரிசி வாங்க வேறொரு வழி இருக்கும். அந்த ஒருவரின் வேலைதான் அக்கா மகளின் படிப்பு.

கடைசி செமஸ்டரில் ஒருநாள் ராத்திரி போன் பண்ணினாள். கிச்சன் வேலை முடித்து டிராமுக்குக் காத்திருந்தாள்.

‘‘மாமா, நாளைக்கு நானும் இந்த மாதிரி ஒரு வேலைக்குத்தான் போகப் போறேன். ‘பேசாம செஞ்சு குடு’ன்னு மேனேஜர் சொல்வார். முடியாதுன்னு சொன்னா வேலை போகும். வேலை போனா விசா பிரச்னை. கடன் வேற இருக்கு. நான் விட்டாலும் வேற ஒருத்தி செஞ்சு குடுத்துடுவா. அப்ப நான் என்னதான் பண்ணணும்?’’

உங்கள் வீட்டுப் பெண் கேட்டால் என்ன சொல்வீர்கள்? ‘தர்மம் தலைகாக்கும், ராஜினாமா பண்ணு’ என்பீர்களா? 35 லட்சம் கடனை நாம் கட்டப் போவதில்லை. அடுத்தவர் செலவில் வீரம் பேசுவது ரொம்பச் சுலபம். ‘உனக்கெதுக்கும்மா, சம்பளத்தை வாங்கினோமா, போனோமான்னு இரு’ என்பீர்களா? அப்படி எல்லா மாமாக்களும் சொன்னதில்தான் நாலரை லட்சத்துக்கு மேல் தப்புக் கடன் விழுந்தது.

‘‘ஆடிட்டர் ஆபீஸ்ல என்ன கத்துக்கிட்டே, அதை ஞாபகப்படுத்திப் பாரும்மா’’ என்றேன்.

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். ஜர்னலில் பற்று, வரவு எழுதினால் மட்டும் போதாது. கீழே அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுத வேண்டும். ‘இன்னாருக்குக் கடனுக்குச் சரக்கு விற்றது.’ இதற்குப் பெயர் நரேஷன். எதற்காக இந்த எழுத்து என்ற காரணம். வவுச்சர் என்றால் அதில் தயாரித்தவர், சரிபார்த்தவர், அனுமதித்தவர் என்று கையெழுத்துகள் இருக்கும். காரணமும் கையெழுத்தும் இல்லாத வவுச்சரை எந்த ஆடிட்டரும் தொட மாட்டார். பத்து ரூபாய் டீ செலவுக்கே இவ்வளவு கெடுபிடி. ஒரு மனிதரைக் கடன்காரர் என்று முடிவு செய்கிற விதிக்குக் காரணமும் கையெழுத்தும் வேண்டாமா?

அந்த ஆணையத்தில் ஒரு பெண் ஊழியரும் சாட்சி சொன்னார். பெரிய பதவியில் இருந்தவர் இல்லை. 2017லேயே, ‘நாம் செய்வது தப்பு’ என்று மேலிடத்துக்கு எழுதியவர். அவருடைய கடிதம் திட்டத்தை நிறுத்திவிட்டதா? இல்லை. அதன் பிறகும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஆனால், பின்னால் விசாரணை வந்தபோது, ‘எங்களிடம் யாருமே சொல்லவில்லை’ என்று மேலே இருந்தவர்கள் சொல்ல முடியாதபடி அந்த எழுத்து நின்றது.

‘முடியாது’ என்று சொல்கிற தைரியம் எல்லாருக்கும் வராது. வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆனால், ‘இது ஏன்?’ என்ற கேள்வியைத் தேதி போட்டு எழுதி வைப்பது கடன்காரராலும் முடிகிற காரியம். அதைக்கூடச் செய்யாதவர்தான், ‘எனக்கு ஒரு சதவிகிதம் பங்குதான்’ என்று சொல்லும் உரிமையை இழக்கிறார் என்பது என் கட்சி.

கடைசி பிராஜெக்ட்டில் அவள் ஒரு சின்ன வேலை செய்தாள். நாலு பேர் குரூப். ஒரு கற்பனை லைப்ரரிக்கு அபராத சிஸ்டம் வடிவமைக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் மூன்று காலம் சேர்த்தாள். இந்த விதியைச் சொன்னது யார்? ஏன்? தப்பாகப் போனால் வாசகர் யாரைப் பார்க்க வேண்டும்? குரூப்பில் மற்ற மூவருக்கும் எரிச்சல். ‘கேட்கவே இல்லையே, இதுக்கெல்லாம் மார்க் கிடையாது, நாளைக்கு கடைசி தேதி.’ இவள் விடவில்லை. ராத்திரி தனியாக உட்கார்ந்து நிரப்பினாள். மொத்தம் 31 விதிகள். அதில் ஒன்பதுக்கு, ‘ஏன்?’ என்ற கட்டத்தில் எழுத அவளுக்கே ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய சிஸ்டத்தில் இருந்தது, அப்படியே இதிலும் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். ஒரு லைப்ரரியிலேயே ஒன்பது விதிகளுக்குக் காரணம் தெரியவில்லை. உங்கள் ஆபீஸில் எத்தனை? நீங்கள் மேனேஜராக இருக்கலாம், ஹெச்.ஆரில் இருக்கலாம், ஸ்கூல் நடத்தலாம், அபார்ட்மென்ட் செக்ரட்டரியாக இருக்கலாம். நீங்கள் போட்ட விதி ஒன்று எங்கேயோ ஒருவரை வாசலில் நிறுத்தி வைத்திருக்கும். அதற்கு உங்களிடம் நரேஷன் இருக்கிறதா?

அக்கா மகள் இப்போது மெல்போர்னில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். வாடகை வசூல் சாஃப்ட்வேர். முதல் மாசமே ஒரு விதி அவள் மேஜைக்கு வந்தது. ஏழு நாள் தாமதமானால் குடித்தனக்காரருக்கு நோட்டீஸ் தானாகப் போய்விட வேண்டுமாம். ‘வாடகையை அவர் கட்டியும் பேங்க்கில் தாமதமானால்?’ என்று மீட்டிங்கில் கேட்டிருக்கிறாள். ‘அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்’ என்று பதில். சாயங்காலம் அதே கேள்வியை மெயிலில் நாலு வரியாக எழுதி, மேனேஜருக்கு அனுப்பி, ஃபைலிலும் சேர்த்துவிட்டாள்.

‘‘பதில் வந்துச்சாம்மா?’’ என்று போன வாரம் கேட்டேன்.

‘‘இன்னும் இல்லை மாமா. நாளைக்கு மறுபடியும் கேட்கணும்’’ என்றாள்.